சாப்பிட வந்தவர்

பசியாறிட்டியா தம்பி? ஏஜெண்டு ஒன்னும் வாங்கிக் குடுத்திருக்க மாட்டான், அவனப் பத்தி எனக்குத் தெரியும். அந்த ரொட்டிய எடு. கோப்பி கலக்கி வச்சிருக்கேன், தொட்டுத் தின்னு. தின்னுட்டு இப்படி வந்து உக்காரு. வெங்காயம் உரிக்கத் தெரியும்ல? உரிச்சிக்கிட்டே கேளு. கட தெறக்க இன்னும் நேரம் கெடக்கு.

மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன். இந்தக் கடையில நீ கரண்டியத் தொடக் கூடாது. தட்டு கழுவலாம், மேச தொடைக்கலாம், தண்ணி கொண்டு போய் வைக்கலாம். அடுப்புக்கிட்ட வந்து கறியக் கிண்டக் கூடாது. சிரிக்காத. சட்டம். வெளிநாட்டு ஆளு சமைக்கக் கூடாது, உள்ளூர் ஆளுதான் சமைக்கணும்னு எங்க மாநிலத்துல முடிவு பண்ணிட்டாங்க. வெளியாளு கை பட்டா உள்ளூர்ச் சாப்பாட்டோட ருசி மாறிடுமாம். முடிவு பண்ணது மாநிலம். கட கடையா வந்து பாக்குறது நகராண்மைக் கழகம், உங்க ஊரு நகராட்சி மாதிரி. உனக்குப் பெர்மிட்டு அடிச்சிக் குடுத்தது கூட்டரசு, நாட்டோட மத்திய அரசாங்கம். இத்தன பேருக்கும் நடுவுல நான் ஒருத்தி இந்தச் சட்டிய வச்சிக்கிட்டு நிக்கிறேன்.

குணாளன்னு ஒரு ஆபீசரு வருவாரு, நகராண்மைக் கழகத்துல. நம்ம ஆளுதான். பெரிய மீசை, சின்னக் குரலு. அவரு சொல்வாரு, "அக்கா, பெர்மிட்டு எங்க விசயம் இல்ல. கரண்டிதான் எங்க விசயம்." அவரு அப்படிச் சொல்லும்போதெல்லாம் நானும் சிரிச்சிருக்கேன்.

நான் உள்ளூரு. எங்க தாத்தா கப்பல்ல வந்து ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டுனவரு. அது வேற விசயம், அத இதுல சேக்காத.

உனக்கு முன்னாடி இங்க இருந்தவன் பேரு சோலையப்பன். அறந்தாங்கிப் பக்கம். உங்க ஊருக்குக் கிட்டவா, தூரமா? எனக்கென்னா தெரியும், நான் இந்தியாவையே பாத்ததில்ல. உன் வயசுதான் இருக்கும், ஒன்னு ரெண்டு கூட இருக்கலாம். அவனுக்கும் ரெண்டு புள்ளைங்க. ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. அவன் வந்தது தட்டு கழுவத்தான். பெர்மிட்டுல அப்படித்தான் இருக்கு, சாப்பாட்டுக் கட உதவியாளுன்னு. ஒழுங்காத்தான் கழுவிக்கிட்டு இருந்தான்.

அப்பறம் எனக்குத் தோள்பட்ட புடிச்சிக்கிச்சி. வலதுகை. தூக்கவே முடியல. சட்ட மாட்டுறதுக்கே அழுவேன். இந்தச் சட்டி எவ்ளோ கனம்னு நீயே பாரு. ஒரு நாளு நான் கரண்டியப் புடிச்சிக்கிட்டு முழிக்கிறேன், கண்ணுல தண்ணி வருது, கடையில ஆளுங்க நிக்கிறாங்க. "நகருங்கக்கா"ன்னு வாங்குனான். அவ்ளோதான். மொத நாளு நான் பக்கத்துல நின்னு சொன்னேன், புளி இவ்ளோ, மொளகாத்தூளு இவ்ளோன்னு. ரெண்டு நாளு கழிச்சி அவன் எனக்குச் சொல்றான். "அக்கா, மீன நீங்க ரொம்ப நேரம் வேக விடுறீங்க." என் கடையில, என் சட்டியில, என்கிட்டயே! எனக்கு வந்த கோவத்துல அவன்கிட்ட பேச்சே நிறுத்திட்டேன். ஆனா மீன அவன் சொன்ன மாதிரிதான் எறக்குனேன்.

நல்லாத்தான் இருந்துச்சி. பொய் சொல்லக் கூடாது.

அப்பறம் கூட்டம் வர ஆரம்பிச்சிது. பக்கத்து ஊருலேருந்தெல்லாம் காடி ஓட்டிக்கிட்டு வந்து, "அஞ்சலக்கா கட மீன் கறி"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. பேரு என்னுது, கை அவன்து. எனக்குத் தோள்பட்ட ஒரு வருசத்துல சரியாப் போச்சி. நல்லா சுத்துவேன் கைய, இந்தா பாரு. கரண்டிய மட்டும் திரும்ப வாங்கிக்கல. வாங்கியிருக்கணும்ங்கிறியா? கூட்டம் நிக்கும்போது யாருக்குத் தோணும்? நீ கட வச்சா உனக்குப் புரியும்.

இந்தச் சட்டம் வந்த புதுசுல ஒருத்தரும் அதப் பெரிசா எடுத்துக்கல. இந்த வரிசைய எட்டிப் பாரு. அந்த மீ கோரேங் நூடுல்ஸ் கடையில கிண்டுறது ஒரு இந்தோனேசியாக்காரப் பொண்ணு. அதுக்கு அடுத்த கடையில ஒரு பர்மாக்காரன். யாரு கிண்டலன்னு சொல்லு. வரிசைக் கோடியில ஐஸ் தண்ணிக் கட வச்சிருக்கான் ஆ ஹோக். நகராண்மைக் கழகத்து வேனு மொனையில திரும்புறது மொதல்ல அவன் கண்ணுலதான் படும். ஐஸ் ஒடைக்கிற கட்டைய எடுத்துத் தகரத்துல ரெண்டு தட்டு தட்டுவான். அவ்ளோதான், வரிச பூரா ஒரே நேரத்துல கரண்டி கை மாறும். பொண்ணு கையிலேருந்து கடைக்காரக் கிழவி கைக்கு. பர்மாக்காரன் கையிலேருந்து மொதலாளி கைக்கு. அந்த மொதலாளி பாவம், நாக்காலியிலேருந்து எந்திரிச்சே வருசக்கணக்காவுது, கரண்டியத் தலைகீழாப் புடிச்சிக்கிட்டு நிப்பான். பாத்தா நீ விழுந்து விழுந்து சிரிப்ப.

ஆபீசருங்களுக்கும் தெரியும். தெரியாம என்னா? வேன நிறுத்துவாங்க, தொப்பியச் சரி பண்ணுவாங்க, ஒருத்தரு போன் பேசுவாரு, அப்பறம் மெதுவா நடந்து வருவாங்க. நாங்க கரண்டிய மாத்திக்கிறதுக்கு அவங்களே நேரம் குடுப்பாங்க. குணாளன் எப்பவும் கடைசியாத்தான் வருவாரு. வந்து, "என்னாக்கா, கை வலிக்குதா?"ன்னு கேப்பாரு. அவரு பசியாறுறதே இங்கதான். சோலை கிண்டுறத எத்தன தடவ பாத்துருப்பாரு.

இப்படியே போயிருந்தா ஒரு தொல்லையும் இல்ல. எவனோ பேப்பருல எழுதிட்டான், சட்டம் பேருக்குத்தான் இருக்கு, போய்ப் பாருங்க எல்லாக் கடையிலயும் வெளியாளுதான் சமைக்கிறான்னு. அந்த நேரம் தேர்தலும் வருது. மேல இருக்கிறவங்களுக்குக் கோவம் வந்துருச்சி. மாநிலத்துலேருந்து நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம். உடனே கட வரிச வாசல்ல, வெளியாளு சமைக்கக் கூடாதுன்னு பெரிய பேனரு. வேனு ஒன்னா இருந்தது ரெண்டாச்சி, ஆ ஹோக் தகரத்துல தட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கமா வந்து எறங்குனாங்க. அன்னிக்கே சோலை கையும் கரண்டியுமா மாட்டுனான். எனக்கு மொத எச்சரிக்க.

ரெண்டாவது தடவ உசாராத்தான் இருந்தோம். அவன் தொட்டியில நின்னு தட்டு கழுவிக்கிட்டு இருந்தான், நான் கிண்டிக்கிட்டு இருந்தேன். ஒரு மலாய் ஆபீசரு, வயசானவரு, அவன் கையப் புடிச்சித் திருப்பிப் பாத்தாரு. வெரலு பூரா மஞ்ச. நகக்கண்ணுல மொளகாத்தூளு. தட்டு கழுவுறவன் கையில மஞ்ச எங்கேருந்து வந்துச்சின்னு கேட்டாரு. ரெண்டாவது எச்சரிக்க. இன்னொரு தடவன்னா லைசென்ஸு போயிடும்னு கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க.

லைசென்ஸு போனா நான் என்னா பண்ணுவேன், சொல்லு. என் வூட்டுக்காரரு தவறுனப்ப அவரு பேருலேருந்து என் பேருக்கு மாத்துறதுக்கு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். எனக்கு வேற ஒன்னும் தெரியாது. இந்தச் சட்டியும் இந்த எடமும்தான்.

அப்பதான் நான் யோசிச்சேன். என் மூளதான், வேற யாரும் சொல்லல. தொட்டிக்கிட்ட நின்னாத்தானே கையப் பாக்குறாங்க? வேனு வந்தா நீ ஒரு தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டு மேசையில போய் உக்காந்துருன்னு சொன்னேன். சாப்புட வந்த ஆளு மாதிரி. சாப்புடுற ஆளு கையில மஞ்ச இருந்தா யாரு கேக்கப் போறா? எத்தன கடையில எத்தன பேரப் பாக்குறாங்க, மூஞ்சி எங்க நெனவிருக்கப் போவுது? யாராச்சும் கேட்டா நான் உன்னைத் தெரியாதும்பேன், நீயும் என்னைத் தெரியாதுன்னுடு. அவன் ஒத்துக்கல. "எதுக்குக்கா? பெர்மிட்டு இருக்குல்ல. தட்டு கழுவுறேன்னே சொல்லிக்கிறேன்"னான். எனக்குக் கோவம் வந்துருச்சி. உனக்கென்னா, லைசென்ஸு உன்னுதா என்னுதான்னு கேட்டேன். சரிக்கான்னுட்டு அடுப்புக்குப் போயிட்டான்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம். சனிக்கெழம மத்தியானம், நிக்க எடம் இல்லாத கூட்டம். ஆ ஹோக் தட்டுனான். நான் ஓடிப்போய்க் கரண்டிய வாங்குனேன். அவன் சோத்தப் போட்டு, கறிய ஊத்தி, ஒரு துண்டு மீன வச்சிக்கிட்டுப் போய் நாலாவது மேசையில உக்காந்தான். தம்பி, அவன் இங்க வந்து அத்தன வருசத்துல அந்த மேசையில உக்காந்து நான் பாத்ததே இல்ல. பின்னாடி நின்னுக்கிட்டே திம்பான், எல்லாம் முடிஞ்சி, ஆறிப்போனதத்தான். அன்னிக்கிச் சூடாச் சாப்புட்டான். எனக்கு இங்கேருந்து தெரியுது. ஒவ்வொரு வாயா, அவசரமே இல்லாம. ஒரு முள்ளு எடுத்து ஓரமா வச்சான். எனக்கு அந்த பயத்துலயும் ஒரு மாதிரி ஆச்சி. இவன் கறிய இவன் இப்பதான் திங்கிறான்னு.

ஆபீசருங்க வந்தாங்க. நான் கிண்டுறதப் பாத்தாங்க. அந்த வயசானவரு கறிய எடுத்து நக்கிப் பாத்துத் தலைய ஆட்டுனாரு. சோலைய ஒருத்தரும் பாக்கவே இல்ல. குணாளன் என்னைப் பாத்துக் கண்ண மூடித் தெறந்தாரு, சரிக்கா, எல்லாம் முடிஞ்சிதுங்கிற மாதிரி. கெளம்பிட்டாங்க. முதுகத் திருப்பிட்டாங்க.

அப்ப இவன் சாப்புட்டு முடிச்சி எந்திரிச்சான். எந்திரிச்சவன் கையக் கழுவிட்டுப் போகணும்ல? இவன் தட்ட எடுத்தான். தன் தட்ட மட்டுமா எடுத்தான்? எதுத்தாப்புல சாப்புட்டுப் போயிருந்தவங்க தட்டையும் அதுக்கு மேல அடுக்குனான். பக்கத்து மேசையில இருந்ததையும் எடுத்தான். தோள்ல கெடந்த துணியால மேசைய ஒரு இழுப்பு இழுத்தான். நேராத் தொட்டிக்குப் போயி, தண்ணியத் தெறந்து கழுவ ஆரம்பிச்சிட்டான்.

சாப்புட வந்த ஆளு தட்டக் கழுவுவானா? யாரு அவனக் கழுவச் சொன்னா? நான் சொன்னேனா? இன்னிக்கி வரைக்கும் எனக்கு அந்தக் கோவம் தீரல. கை பழகிப் போச்சின்னா மூள எங்க போச்சி?

வயசான ஆபீசரு நின்னுட்டாரு. குணாளனப் பாத்தாரு. குணாளன் என்கிட்ட வந்தாரு. "அக்கா, யாரு இவரு?"

தம்பி, நான் இத நல்லா யோசிச்சிட்டேன். படுத்தாலும் யோசிக்கிறேன், பாசாருல மீன் வாங்கும்போதும் யோசிக்கிறேன். அந்த எடத்துல, என் கடையில தட்டு கழுவுறவருன்னு சொல்லியிருந்தா போதும். அவன் தட்டுதானே கழுவிக்கிட்டு இருந்தான்? கழுவுறதுக்குத்தானே பெர்மிட்டு? அதுல என்னா தப்பு? ஒரு தப்பும் இல்ல. ஆனா நான் ஒரு வாரமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்தது வேற. அதுதான் வாயில வந்துச்சி.

"யாருன்னே தெரியாது துவான். சாப்புட வந்தவரு"ன்னுட்டேன்.

குணாளன நான் துவான்னு, ஐயான்னு கூப்புட்டதே இல்ல. அன்னிக்கிக் கூப்புட்டேன்.

அவரு சோலைகிட்ட போனாரு. "அண்ணே, பாஸ்போர்ட்டு இருக்கா?" சோலை தண்ணிய மூடிட்டுத் திரும்பி என்னைப் பாத்தான். நான் சட்டியப் பாத்தேன். "இல்லங்க, கையில இல்ல"ன்னான். "எங்க தங்கியிருக்கீங்க?" பேசல. எங்க வூட்டு மாடியிலதானே தங்கியிருந்தான், என்னான்னு சொல்வான்? "எங்க வேல பாக்குறீங்க?" அதுக்கு மட்டும் பதிலு சொன்னான். "வேல இல்லங்க. தேடிக்கிட்டு இருக்கேன். பசிச்சிது, சாப்புட்டேன். தட்டக் கழுவிக் குடுத்தாப் புண்ணியம்னு நெனச்சேன்."

நான் சொல்லிக் குடுத்தத விட நல்லாவே சொன்னான்.

அவன் பாஸ்போர்ட்டு எங்க இருந்துச்சின்னு கேக்குறியா? இந்த டிராவுல. இதோ, என் முட்டிக்கிட்ட இருக்கு பாரு, இந்த டிராவுல, ரப்பரு போட்டு வச்சிருந்தேன். எல்லா மொதலாளியும் அப்படித்தான் வச்சிருப்பாங்க. நீங்க தொலைச்சிடுவீங்க, இல்ல நல்ல கட கெடச்சா ஓடிடுவீங்க. உன்னோடதையும் காலையில ஏஜெண்டு என் கையிலதானே குடுத்துட்டுப் போனான்.

பேப்பரு இல்லாத ஆள நகராண்மைக் கழகம் ஒன்னும் பண்ண முடியாதாம். குடிநுழைவுக்காரங்களக் கூப்புடணுமாம். குணாளன் மத்த ரெண்டு பேரையும் அடுத்த கடைக்கு அனுப்பிட்டு இங்க வந்தாரு. ரொம்ப மெதுவாச் சொன்னாரு. "அக்கா, நான் இன்னும் போன் பண்ணல. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

என்னாத்த யோசிக்கிறதுன்னு கேட்டேன். தெரியாதுன்னா தெரியாதுதான்னேன். ஒரு தடவ சொல்லியாச்சி, இப்ப மாத்திச் சொன்னா ரெண்டும் பொய்யின்னு ஆயிடாதா? அவரு அந்தப் பக்கம் போயி போன் பண்ணாரு.

குடிநுழைவு வேனு வர ரொம்ப நேரமாச்சி. வெயிலு தாழுற வரைக்கும் அவன் அந்த பெஞ்சியிலதான் உக்காந்திருந்தான். நான் கறி ஊத்துறேன், பொட்டலம் கட்டுறேன், சில்லற குடுக்குறேன். டிராவத் தெறக்குறேன், மூடுறேன். ஒவ்வொரு தடவ தெறக்கும்போதும் அது தெரியுது, நீல அட்ட. ஒரு தடவ அவன் என்னைக் கூப்புட்டான். "அம்மா, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"

அக்கான்னு கூப்புடுறவன் தம்பி. எதுக்கெடுத்தாலும் அக்கா, அக்கா. அன்னிக்கி அம்மான்னான். யாரோ வழியில போற பொம்பளயக் கேக்குற மாதிரி. என்னைக் காப்பாத்துறானாம். கொண்டு போய்க் குடுத்தேன். வாங்கிக் குடிச்சான். நான் அவன் மூஞ்சியப் பாக்கல, அவன் தொண்ட ஏறி எறங்குறதத்தான் பாத்தேன். அவன ஏத்திக்கிட்டுப் போனப்ப கறி அடிப்புடிச்சிப் போச்சி, அத வேற கவனிக்க வேண்டியதாப் போச்சி எனக்கு.

ரெண்டு நாளு கழிச்சி குணாளன் வந்தாரு. பசியாற உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னாரு. "அக்கா, தட்டு கழுவுறவருன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பேசாமப் போயிருப்பேன்." அத மொதல்லயே சொல்றதுக்கு அவருக்கு என்னா? வாயத் தெறந்து, அக்கா இப்படிச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்த சொன்னா கொறைஞ்சா போயிடுவாரு? யோசிங்க யோசிங்கன்னா என்னான்னு யோசிக்கிறது? அவரு இப்ப வேற எடத்துலதான் பசியாறுறாரு. எதிர்ல பாத்தா தலைய ஆட்டுவாரு. போவட்டும்.

நான் சும்மா இருந்துட்டேன்னு நெனைக்காத. பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு பஸ்ஸு புடிச்சி அந்த டிப்போவுக்குப் போனேன், ஆளுங்கள அடைச்சி வச்சிருக்கிற எடத்துக்கு. கேட்டுல நிக்கிறவன் கேட்டான், நீங்க யாரு, என்னா ஒறவுன்னு. என்னா ஒறவு? மொதலாளின்னு சொன்னா, அன்னிக்கி ஏன் தெரியாதுன்னு சொன்னேன்னு வரும். அக்கான்னு சொன்னா ஐசியக் கேப்பான், அடையாள அட்டைய. சும்மா வழி கேக்க வந்தேன்னுட்டுத் திரும்பிட்டேன்.

அப்பறம்தான் ஏஜெண்டு வந்து பயமுறுத்துனான். சோலையோட வெரலு ரேகைய வச்சிப் பாத்தா பெர்மிட்டு உங்க கட பேருலதான் வரும், அப்ப நீங்களும் மாட்டுவீங்க, லைசென்ஸும் போகும்னான். அதுக்கு வழி, ஆளு ஓடிப்போயிட்டான்னு ஒரு புகாரு குடுத்துடணும். எப்ப ஓடுனான்? அந்தச் சனிக்கெழமைக்கு முன்னாடியே ஓடிட்டான்னு. நான் எழுதல தம்பி. எல்லாம் ஏஜெண்டு எழுதுனதுதான். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.

அதோட பாஸ்போர்ட்டக் குடுக்குற வழியும் அடைஞ்சி போச்சி. ஓடிப்போனவன் பாஸ்போர்ட்டு உன் டிராவுல எப்படி இருக்குன்னு கேப்பாங்கல்ல? கையில பாஸ்போர்ட்டு இல்லாததால அவன் உள்ள இருந்தது இன்னும் நீண்டு போச்சி. தூதரகத்துலேருந்து வேற பேப்பரு வரணும்னு சொன்னாங்க. அதுவரைக்கும் அவன் பொண்டாட்டி எனக்குத்தான் போன் பண்ணிக்கிட்டு இருந்துச்சி. "அக்கா, அவரு போன எடுக்கவே மாட்டேங்குறாரு." வேற கடைக்குப் போயிட்டான்மா, அங்க போன் வச்சிருக்க விட மாட்டாங்கன்னேன். "நல்லா இருக்காருல்லக்கா?" நல்லா இருக்கான்மா. "நேரத்துக்குச் சாப்புடுறாருல்ல?" அதுக்கும் ஆமான்னுதான் சொன்னேன். சின்னப் பொண்ணு போன வாங்கி, "அத்த, அப்பாவப் பேசச் சொல்லுங்க"ங்குது. என்னை அது பாத்ததே கெடையாது, அத்தங்குது.

அன்னிக்கி ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. வெக்கமா இருந்துச்சி தம்பி. என் வூட்டுல நான் மட்டும்தான் இருக்கேன், யாரு பாக்கப் போறா, இருந்தும் தலைய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கடைசியில அனுப்பிட்டாங்க. இனிமே இந்த நாட்டுக்குள்ள வர முடியாதபடி பேரக் கறுப்புப் பட்டியல்ல ஏத்திட்டாங்களாம், ஓடிப்போனவன்னு புகாரு இருக்குல்ல. ஊருக்குப் போயி ஒரு தடவ போன் பண்ணான். நான் எடுக்கவே பயந்தேன். திட்டுவான்னு நெனச்சேன். திட்டட்டும்னும் நெனச்சேன். அவன் திட்டுனா நானும் நாலு வார்த்த திட்டியிருப்பேன், யாரு உன்னத் தட்டு கழுவச் சொன்னான்னு கேட்டிருப்பேன், ரெண்டு பேருக்கும் மனசு லேசாயிருக்கும். அவன் என்னா கேட்டான்னா, "அக்கா, தோள்பட்ட எப்படி இருக்கு? பெரிய சட்டியத் தனியா எறக்காதீங்க." அவ்ளோதான். பாஸ்போர்ட்டப் பத்திக் கேக்கல. என்னாத்துக்கு இப்படிப் பண்ணேன்னு கேக்கல. நான் சரி சரின்னுட்டு வச்சிட்டேன். மன்னிச்சிக்கடான்னு சொல்ல வாய் வரல. வரலன்னா வரல, என்னா பண்றது?

லைசென்ஸு இருக்கு. அதோ மாட்டியிருக்கு, கண்ணாடி போட்டு. இப்ப நானேதான் கிண்டுறேன். பக்கத்து ஊருக் காடியெல்லாம் நின்னு போச்சி. மீன நேரத்துக்குத்தான் எறக்குறேன், இருந்தாலும் அவன் பண்ண மாதிரி வரல.

என்னா கேட்ட? சத்தமாக் கேளு.

அவன் பாஸ்போர்ட்டா? இப்பவும் இங்கதான் இருக்கு. அனுப்பணும். நாளைக்கி அனுப்பணும்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். போஸ்டாபீசு என்னா தூரமா, ரோட்டத் தாண்டுனா போதும். ஒரு தடவ ஒறையில போட்டு ஒட்டிக்கூட எடுத்துட்டுப் போனேன். பின்னாடி அனுப்புறவங்க பேர எழுதுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி. பேனா வாங்குனேன். எழுதாமத் திரும்பி வந்துட்டேன்.

ஏன் வெங்காயத்தக் கீழ வச்சிட்ட? பயந்துட்டியா? பயப்படாத. நான் இதெல்லாம் சொன்னது, நீ அந்தத் தப்பப் பண்ணக் கூடாதுன்னுதான். வேனு வந்தா தொட்டிக்கிட்டயே நில்லு, எங்கயும் உக்காராத. அவங்க வந்து இவரு யாருன்னு கேட்டா நானே சொல்லிடுவேன். இவரு என் கடையில வேல பாக்குறவரு, தட்டு கழுவுறவரு, பேரு வந்து...

உன் பேரு என்னா தம்பி? ஏஜெண்டு சொன்னான். எனக்கு மறந்து போச்சி.

இரு. எந்திரிக்காத, எங்க போற? போயி நீ எங்க நிப்ப? உக்காரு. அந்த டிராவ நான்தான் தெறக்கணும், கொஞ்சம் இறுக்கமா இருக்கும். இது அவன்து. இதுதான் உன்னோடது. இந்தா, புடி. சட்டையில உள்பை இருக்கா? இல்லன்னா ஒன்னு தச்சித் தர்றேன். படுக்கும்போதும் எடுக்காத. என்கிட்ட குடுக்காத. நாளைக்கே மனசு மாறி நானே வந்து கேட்டாலும் குடுக்காத, தம்பி.